விண்மீன் மண்டலங்களும் பிப்ரவரி இரண்டும்

காரைக்குடி
16.06.2024

அன்புத் தங்கை ஞானமணிக்கு,

அண்ணன் சகாய ஆண்டனி எழுதுவது. அம்மா, உன் அண்ணி சலேத், நான் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் மாதா கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்கிறார். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போன வருடம் போல இருமல் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்.

வெளியே வராமல் வாழும் உங்கள் அடைப்பு மடத்தில் ஃபோன் கிடையாது என்று தெரிந்தும், உன் நினைப்பு வரும்போது என் கை சட்டைப் பைக்குத்தான் போகிறது. பிறகுதான் பேனாவைத் தேடுகிறேன்.

கல்லூரி திறந்துவிட்டது. இந்த வருடம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு ஒரு ஆய்வு கொடுத்திருக்கிறேன். நீ இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டுப் போன அதே வகுப்பு. பிரபஞ்சத்திற்கு என்ன வயது என்பதை விண்மீன் மண்டலங்களின் ஓட்டத்தை வைத்து நாமே கணக்கிட வேண்டும். நம் பால்வீதியைப் போன்ற மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகின்றன, தொலைவில் இருப்பது வேகமாக விலகுகிறது. பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து எல்லா பஸ்ஸும் ஒரே நேரத்தில் புறப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகமானது மதுரை போய்விட்டது, மெதுவானது திருப்பத்தூரில்தான் நிற்கிறது. எந்த பஸ்ஸின் தூரத்தை அதன் வேகத்தால் வகுத்தாலும் புறப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்ற ஒரே விடைதான் வரும். அதுதான் வயது. பிள்ளைகள் சிரித்தார்கள். நம் ஊர் பஸ் எது நேரத்திற்குப் புறப்பட்டது என்று ஒருவன் கேட்டான்.

பிப்ரவரி இரண்டாம் தேதி உன் நித்திய வார்த்தைப்பாடு, வாழ்நாள் முழுக்க மடத்துக்கே என்று நீ வாக்குக் கொடுக்கும் நாள். உறவுக்காரர்களை அழைத்து வர ஒரு வேன் பேச வேண்டும். அம்மா உன் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்பதற்காகக் காத்திருக்கிறார். விவரமாக எழுது.

அன்புடன்,
அண்ணன்


மலைமடம்
07.07.2024

இயேசுவில் அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. இங்கே நான் நலம், இருமல் இல்லை. அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம், சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

இப்போது எனக்குத் தோட்டத்தில் வேலை. மதியத்திற்கு மேல் நற்கருணை அப்பம் சுடும் அறையில். மாவு கரைத்து அச்சில் ஊற்றி வட்டம் வட்டமாக வெட்டுவது. கை வேலை செய்துகொண்டிருக்கும், மனம் சும்மா இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் பஸ்களைப் பற்றி யோசித்தேன்.

வேகம் சரி. மண்டலத்திலிருந்து வரும் ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். தூரத்தை எப்படி அளந்தீர்கள்? மைல்கல் நட்டு வைத்த சாலையா அது? பஸ்ஸின் தூரம் தப்பானால் புறப்பட்ட நேரமும் தப்பிவிடும் அல்லவா?

முடிந்தால் அட்டவணையைத் தாளில் எழுதி அனுப்புங்கள். கொஞ்சம் வரைபடத் தாளும் வேண்டும். பொழுதுபோக்கு நேரத்தில் எது செய்தாலும் மடத்தலைவி மதர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு சகோதரி ஸ்வெட்டர் பின்னுகிறார், இன்னொருவர் கிளிஞ்சலில் பூ செய்கிறார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கை,
ஞானமணி


காரைக்குடி
21.07.2024

அன்புள்ள மணிக்கு,

அனைவரும் நலம். உன் நலம் அறிந்து அம்மா நிம்மதியானார். உன் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

அட்டவணை இத்துடன் இருக்கிறது. வேகம் ஒரு பத்தி, பிரகாசம் ஒரு பத்தி, நாங்கள் போட்ட தூரம் ஒரு பத்தி. நீ கேட்டது சரியான இடம். தூரம்தான் தொல்லை. ஒரே வகையான சுருள் மண்டலங்களாகப் பார்த்து எடுத்தோம். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைக் கொட்டுகின்றன என்று வைத்துக்கொண்டோம். பளிச்சென்று தெரிந்தால் அருகில், மங்கித் தெரிந்தால் தூரத்தில். எவ்வளவு மங்கல் என்பதை வைத்து தூரம்.

விடைதான் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டது. உதாரணமாக ஒன்று ஒளியின் வேகத்தில் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில் விலகுகிறது. அதற்கு எங்களுக்குக் கிடைத்த தூரம் பத்தொன்பது கோடி ஒளியாண்டு. வகுத்துப் பார், தொள்ளாயிரத்து ஐம்பது கோடி வருடம். மொத்தச் சராசரியும் அதை ஒட்டித்தான் வருகிறது. ஆனால் வானத்தில் இருக்கும் மிகப் பழைய நட்சத்திரங்களுக்கே ஆயிரத்து இருநூறு கோடிக்கு மேல் வயது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூடிப்போன கதை.

முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்ட பெரியவர்களுக்கும் இப்படித்தான் ஆனது. அவர்களுக்கு வெறும் இருநூறு கோடி வந்தது, பூமியின் பாறைகளோ அதைவிடக் கிழடு. பல வருடம் கழித்துத்தான் தூரம் தப்பு என்று தெரிந்தது. அவர்களுக்கு வருடங்கள் இருந்தன. எனக்கு டிசம்பரில் கருத்தரங்கு. ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பியாகிவிட்டது. துறைத் தலைவர் நீலாயதாட்சி மேடம், “சார், பேசாம வாபஸ் வாங்கிருவோமா?” என்று கேட்டார். அவர் கவலை எனக்காக அல்ல, பிள்ளைகள் பெயர் அதில் இருக்கிறது.

வார்த்தைப்பாட்டு அழைப்பிதழுக்கு என்ன வாசகம் போடலாம்? அச்சகத்தில் சொல்லி வைத்தால்தான் நல்ல தாள் கிடைக்கும் என்றேன். “அவளே எழுதி அனுப்பட்டும்” என்கிறார் அம்மா. எழுது.

அன்புடன்,
அண்ணன்


மலைமடம்
18.08.2024

இயேசுவில் அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் நலம். மாதாவின் விண்ணேற்புத் திருநாளை நன்றாகக் கொண்டாடினோம், கேசரி உண்டு. அங்கே மழை உண்டா? நாச்சியாபுரம் வயலில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

அட்டவணையும் வரைபடத் தாளும் வந்தன. பிரித்த அன்று பொழுதுபோக்கு நேரம் முடிந்ததே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த சகோதரி, “சிஸ்டர், மணி அடிச்சு எல்லாரும் போயாச்சு” என்று தோளைத் தொட்டார். மறுநாள் கிளிஞ்சல் சகோதரி நான் புள்ளி வைப்பதைப் பார்த்து, இது என்ன கோலம் என்று கேட்டார். இவை ஒவ்வொன்றும் கோடானுகோடி நட்சத்திரங்கள் என்றேன். அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் பெரிய புள்ளியாக வையுங்கள் என்றார்.

தப்பு எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் நிற்க வேண்டும், நிற்காமல் மேல் பக்கமாக வளைகின்றன. கொஞ்சம் பொறுங்கள், சுருக்கத்தை வாபஸ் வாங்கிவிடாதீர்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எம்.எஸ்ஸி.யைப் பாதியில் விட்டவர்கள் சில வருடம் கழித்து மறுபடி சேர முடியுமா? இங்கே ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது ஏதும் தடையா, முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்பதை விசாரித்து எழுதுங்கள்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

ஞானமணி


காரைக்குடி
08.09.2024

அன்புள்ள மணிக்கு,

நாங்கள் நலம். அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் நேற்றுதான் வந்தார். கால் வீங்கியிருக்கிறது, முகம் தெளிவாக இருக்கிறது. வயலில் கடலை போட்டிருக்கிறோம், மழை இரண்டு நாள் தூறிவிட்டுப் போய்விட்டது.

மறுபடி சேரலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வயது தடையில்லை. பாடத்திட்டம் மாறிவிட்டதால் முதல் ஆண்டிலிருந்துதான் படிக்க வேண்டும். யாருக்காக? அவர் மடத்தில் இருந்துகொண்டே படிப்பாரா?

பிள்ளைகள் கணக்கைத் திரும்பவும் போட்டார்கள். அதே தொள்ளாயிரத்து ஐம்பது. சலேத்கூட, “பாத்திரம் கழுவுறப்பவும் கோடி கோடின்னு எண்ணுறீக” என்று கேலி செய்கிறாள்.

அழைப்பிதழ் வாசகத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய். நான் வாசித்து முடித்ததும் அம்மா, “இம்புட்டுத்தானா?” என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். கடிதத்தை வாங்கித் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

உன் கடிதங்களை மதர் வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார் என்று எப்போதோ சொன்னாய். அப்படியானால் அவருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அண்ணன்


மலைமடம்
13.10.2024

இயேசுவில் அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு. தப்பு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சராசரி போட்டீர்கள். நான் ஒவ்வொரு மண்டலத்தையும் தனித்தனியே வகுத்துப் பார்த்தேன். அருகில் இருப்பவை ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு கோடி என்று சொல்கின்றன. நடுவில் இருப்பவை ஆயிரத்து நூறு. கடைசியில் இருப்பவை எண்ணூறு. தூரம் கூடக் கூட வயது குறைகிறது. பிரபஞ்சம் ஒன்று, வயதும் ஒன்றுதானே? அப்படியென்றால் தூரத்தில் இருப்பவற்றை மட்டும் நாம் ஏதோ தப்பாகப் பார்க்கிறோம்.

அப்பா இருந்தபோது நாச்சியாபுரம் வயல் வரப்பில் நின்று பொழுது சாயும் நேரத்தில் காரைக்குடிப் பக்கம் பார்த்திருக்கிறோம், நினைவிருக்கிறதா? அங்கிருந்து தெரிவது டவர் விளக்கும் பெரிய மண்டப விளக்கும்தான். வீட்டு பல்பு ஒன்றுகூடக் கண்ணுக்கு எட்டாது. விவரம் தெரியாதவன் ஒருவன் வந்து, தெரிகிற விளக்கெல்லாம் வீட்டு பல்பு என்று நினைத்தால், ஊர் ரொம்பப் பக்கம் என்றுதான் கணக்குப் போடுவான். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். தூரத்தில் மங்கலான மண்டலங்கள் உங்கள் அட்டவணைக்கே வந்து சேரவில்லை. பெரும் ஒளி உள்ளவை மட்டும் வந்திருக்கின்றன. அவற்றைச் சாதாரணமானவை என்று எண்ணி, இருப்பதைவிடப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். தூரம் குறைந்ததால் வயதும் குறைந்துவிட்டது.

மங்கலானவையும் தப்பாமல் தெரிகிற தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் உள்ளவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. இன்னும் மங்கலானவற்றின் அளவுகள் இணையத்தில் கிடைத்தால் பிள்ளைகளை விட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வருடமாக எனக்கு இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

ஞானமணி


காரைக்குடி
03.11.2024

அன்புள்ள மணிக்கு,

எல்லாரும் நலம். நேற்று அப்பாவின் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம்.

நீ சொன்னபடியே செய்தோம். அப்பால் உள்ளவற்றை எடுத்ததும் சராசரி ஆயிரத்து இருநூற்றைத் தாண்டியது. மங்கலானவற்றைத் தேடிச் சேர்த்ததும் ஆயிரத்து முந்நூற்று நாற்பது கோடி, முன்னே பின்னே நூற்றைம்பது கோடி. பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்துச் சொல்லும் வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது. காரைக்குடியில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இது போதும். விடை திரையில் வந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முத்தரசு என்ற பையன் ஓடிப்போய் எல்லாருக்கும் டீ சொன்னான். நீலாயதாட்சி மேடம் உன் கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தார். “உங்க தங்கச்சியவா சார் மலைக்கு அனுப்புனீக?” என்றார்.

கட்டுரை ஒரு தொகுப்பில் வெளிவரும். தப்பைக் கண்டவர் பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எந்தப் பெயரைப் போடட்டும்? சகோதரி ஞானமணி என்றா, அப்பா பெயரின் தலைப்பெழுத்தோடு இ. ஞானமணி என்றா?

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் வந்துவிட்டால் கடிதம் எழுத உங்களுக்கு அனுமதி இல்லை. அதற்கு முன் இதற்கும் அழைப்பிதழுக்கும் பதில் எழுதிவிடு. அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

இரண்டு வருடமாக இப்படி ஒரு நாள் வந்ததில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியை அம்மாவுக்கு வாசித்தபோது எனக்கே நாக்கு தடுமாறியது. நன்றாகத்தானே இருக்கிறாய்?

அண்ணன்


காரைக்குடி
29.12.2024

அன்புள்ள மணிக்கு,

கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். நாங்கள் நலம்.

நவம்பர் முழுக்க உன் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். திருவருகைக் காலத்தை நான் கணக்கில் கழித்துவிட்டேன். அதற்கு முந்திய நாட்களைக் கழிக்க முடியவில்லை.

கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. தூரத்தில் மங்கலானவை தெரியாது என்ற விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்டார். முத்தரசு எழுந்து, வரப்பில் நின்று விளக்கைப் பார்த்த கதையைச் சொன்னான். அரங்கில் எல்லாரும் கை தட்டியபோது நான் உன்னைத்தான் நினைத்தேன். பெயர் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, ஜனவரி முடிவதற்குள் கொடுக்க வேண்டும்.

அழைப்பிதழ் இன்னும் அடிக்கவில்லை. உன் மேல் கோபமில்லை. ஒரு வரி எழுதினாலும் போதும்.

அண்ணன்


மலைமடம்
05.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இ. ஞானமணி என்று போடுங்கள்.

இந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் நவம்பரில் தாளை எடுத்து எடுத்து வைத்தேன். நான் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறேன். படிப்பைப் பற்றிக் கேட்டதும் எனக்காகத்தான். நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

கடவுள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. காலையில் சங்கீதம் பாடும்போது இப்போதும் என் குரல் கலங்கிப்போகிறது. அப்பா இறந்த வருடம் எங்காவது சத்தமில்லாத இடத்தில் போய் உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தேன். என் காயம் ஆறியது. ஆறிய பிறகும் உட்கார்ந்தே இருந்தேன், எழுந்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்று. உங்கள் அட்டவணை வந்தபோதுதான் எழுந்திருக்கும் ஆசை எனக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

திருவருகைக் காலம் முழுக்க ஜெபித்தேன். கிறிஸ்துமஸ் முடிந்து மதரிடம் போனேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, “உக்காரு. இத நீ எப்ப வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார்.

“உங்களுக்குக் கோபமில்லையா மதர்?”

“ரொட்டிய வெட்டிக்கிட்டே நீ ஒரு நாளு தன்னால சிரிச்ச. இங்க வந்த இத்தன வருஷத்துல நான் பாக்காத சிரிப்பு. அந்தச் சிரிப்பக் குடுத்ததும் அவருதான். நீ வந்ததும் வீணில்ல, போறதும் பாவமில்ல.”

“உங்களிடம் முன்பே சொல்லப் பயந்தேன். நீங்கள் கடிதங்களை வாசிப்பீர்கள் என்று அண்ணனிடமும் எழுதவில்லை.”

அவர் சிரித்துவிட்டார். “நான் யாரு கடிதத்தையும் பிரிச்சு எத்தனையோ வருஷமாச்சு. எனக்குக் கண்ணே சரியாத் தெரியல பிள்ள.”

ஒன்றுதான் என்னை வாட்டுகிறது. அம்மா. ஒரு பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்தவள் என்று ஊரே அவர்களை மதிக்கிறது. பங்குச் சாமியார் கோயில் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். இனி அவர்கள் எப்படிக் கோயில் படி ஏறுவார்கள்? அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். மெதுவாகச் சொல்லுங்கள் அண்ணா.

ஞானமணி


காரைக்குடி
12.01.2025

அன்புள்ள மணிக்கு,

நீ நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவும் நலம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கச் சுற்றினேன். சலேத்திடம் சொன்னேன். “அத்தைக்குத் தாங்குற மனசு உண்டு, நீங்க போய்ச் சொல்லுங்க” என்று தள்ளிவிட்டாள். அம்மா கொல்லைப்புறத்தில் பொங்கலுக்குத் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, மணி கடுதாசி போட்டிருக்கா.”

“வாசி.”

“வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன். அவ வார்த்தைப்பாடு குடுக்கல. வீட்டுக்கு வாரேங்கிறா.”

அம்மா கையிலிருந்த காயை உரித்து முடித்தார். தோலை இந்தப் பக்கம் போட்டார், பயற்றை அந்தப் பக்கம் போட்டார்.

“என்னைக்கு வாரா?”

நான் எதிர்பார்த்துப் போன எதுவும் நடக்கவில்லை. “நீங்க ஒடஞ்சு போவீகன்னு பயந்துக்கிட்டு நிக்கிறோம்” என்றேன்.

“ஆறு மாசமா நீ வாசிக்கிற கடுதாசியில நட்சத்திரம் இருக்கு, மழ இருக்கு, என் முழங்காலு இருக்கு. பிப்ரவரி இல்ல. எனக்குக் காது கேக்குமுல்ல?”

“அப்ப பத்திரிகை அடிக்கணும்னு ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீக?”

“நானா கேட்டேன்? நீதான் அச்சாபீசு அச்சாபீசுன்னு நின்ன. அவ எழுதட்டும், அவ எழுதட்டும்னுதான நான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

யோசித்துப் பார்த்தால் அதுதான் உண்மை. நான்தான் அதை ஆசை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எழுந்து உள்ளே போனார். தனியாக அழப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். சலேத்திடம், “அவளுக்கு அங்க மாத்துத் துணி இருக்குமாத்தா? அந்த அங்கியோடவா பஸ் ஏறுவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேலையா சுடிதாரா என்று இருவருக்கும் பேச்சு நீண்டது. கடைசியில் இரண்டும் வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் நானும் சலேத்தும் எடுத்துக்கொண்டு வருகிறோம். வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா தன் கையாலேயே எழுதுவேன் என்று உட்கார்ந்தார். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் வாசிக்கவில்லை, ஒட்டித்தான் கொடுத்தார்.

அண்ணன்


காரக்குடி
தை பொறக்கப் போகுது

அன்பு மக ஞானமணிக்கு அம்மா எழுதுறது. நான் சொகமா இருக்கேன். நீ சொகமா இருக்கணும்னு மாதாவ வேண்டிக்கிறேன்.

அஞ்சாங்கிளாசுக்குப் பெறகு இம்புட்டு எழுதுனதில்ல. பெழ இருந்தா நீயே திருத்திக்க.

நீ போனப்ப நான் அழுகல. அழுதா ஆண்டவருக்குக் குடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிரும்னு அடக்கிக்கிட்டேன். எல்லாரும் குடுத்து வச்சவன்னு சொன்னாக. நானும் ஆமாமுன்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒன் தட்ட எடுத்து அலமாரிக்குப் பின்னால வச்சுட்டேன், கண்ணுல படாம இருக்கட்டும்னு.

மக மடத்துல நெலச்சு நிக்கணும்னு தெனம் செவமால மணி உருட்டிச் சொல்லணும்னு சாமியாரு சொன்னாரு. செவமால சொன்னேன். அத மட்டும் கேக்கல. அவ நல்லாருக்கட்டும்னு மட்டுந்தான் கேட்டேன். அது பாவமோ என்னவோன்னு சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்பகூட சொல்லாம வச்சுருந்தேன். இப்ப ஒங்கிட்டச் சொல்லிட்டேன்.

கோயிலுக்கு நான் எப்பிடிப் போவேன்னு கேட்டியாம். காலாலதான் போவேன்.

மதரு அம்மாளுக்கு என் கும்புடு சொல்லு. ஒன்னய நல்லாப் பாத்துக்கிட்டாக. வர்றப்ப கோவிச்சுக்கிட்டு வராத, அவுக கையில முத்தங் குடுத்துட்டு வா.

அம்மா


காரைக்குடி
16.02.2025

இயேசுவில் அன்பும் வணக்கமும் நிறைந்த மதர் அவர்களுக்கு,

உங்கள் கண் சிகிச்சை எப்படி ஆயிற்று? சகோதரிகள் எல்லாரும் நலமா? அப்பம் சுடும் அச்சில் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். புதிதாக வரும் சகோதரியின் கை பத்திரம்.

உங்கள் ஆசியோடு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ரயிலில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டார். அம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். என் சுடிதாரின் தோளைப் பிடித்துப் பார்த்து, “அளவு சரியாத்தான் இருக்கு. அவதான் பெருசா வாங்கணும்னு நின்னா” என்று அண்ணியைக் காட்டினார்கள். சாப்பிட்டு முடித்து நான் என் பழைய தட்டைக் கழுவப் போனபோது அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அப்போதுதான் அழுதார்கள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஜூனில் மறுபடி எம்.எஸ்ஸி. முதல் ஆண்டு சேர்கிறேன். அண்ணன் எனக்குப் பாடம் எடுக்க மாட்டாராம், நீலாயதாட்சி மேடத்திடம்தான் நான் படிக்க வேண்டுமாம். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது.

பிப்ரவரி இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான் கோயிலுக்கு வரவில்லை என்றேன். அம்மா என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார்கள். சரியென்று கிளம்பினேன். பூசையில், என்னோடு வார்த்தைப்பாட்டுக்குத் தயாரான தோழிகள் மடத்தில் அந்த நேரத்தில் பீடத்தின் முன் நிற்பார்கள் என்று நினைத்து அவர்களுக்காக வேண்டினேன். எனக்குப் பொறாமையும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. எவ்வளவு தேடிப் பார்த்தும் இல்லை மதர்.

வெளியே வந்ததும் எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார். நான் அம்மாவின் பின்னால் ஒதுங்கினேன்.

“என்ன சிஸ்டர், லீவுல வந்திருக்கீகளா? அங்கியக் காணோம்?”

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “லீவு இல்ல. வீட்டுக்கே வந்துட்டா. படிக்கப் போறா” என்றார்கள்.

அந்த அம்மா என் சுடிதாரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“இங்குட்டு வாங்க” என்று அம்மாவே அவர் கையைப் பிடித்தார்கள். “தொண்டியிலருந்து சங்கரா மீனு வந்திருக்காம். நின்னு பேசிக்கிட்டிருந்தா தீந்துரும்.”

மீன் கடைக்கு மூன்று பேரும் சேர்ந்தே போனோம். அம்மா முன்னால் நடந்தார்கள். முழங்கால் வலிக்காரர் நடக்கிற வேகமாகத் தெரியவில்லை, நான்தான் ஓட வேண்டியிருந்தது.

தங்கள் செபங்களில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுடன்,
இ. ஞானமணி